ஊருக்குத் தெரியும் முன்னே

கதவு படபடவென்று தட்டப்பட்டதும் ஞானசௌந்தரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் முன்பின் தெரியாத ஒருவர், தலையெல்லாம் மரத்தூளுடன் நின்றார்.

"அவசரப்படறேன்னு நெனைக்காதீங்கம்மா. இந்த வூட்டை எனக்கே குடுத்துடுங்க. சித்தூர் தரகருங்க மோப்பம் புடிக்கறதுக்கு முன்னே பேசிடலாம்னு ஓடியாந்தேன். இனிமே நீங்க இங்க எங்க இருக்கப்போறீங்க?"

திருப்பதிக்கு மாற்றல் கேட்டுக்கொண்டிருந்த கணவர் எர்னஸ்ட், ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டே வீட்டை விலை பேசிவிட்டாரா? அவள் பிறந்து வளர்ந்த வீடாயிற்றே!

"எங்க வூட்டுக்காரர் விக்கறதா சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லலம்மா."

"பின்னே உங்களுக்கு யார் சொன்னது? நாளைக்கு அவரே வந்துடுவாரு. அவரையே கேட்டுக்குங்க."

வந்தவர் ஓரடி பின்வாங்கினார். முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ, ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்களுக்கு இன்னும் ஆள் வரலியாம்மா?"

"எதுக்கு ஆள்? நீங்க யாரு?"

அவர் தோள்துண்டை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு சவப்பெட்டி செய்யறவன்மா. உங்க வூட்டுக்காரருக்கு அளவெடுத்துக்கினு நேரா இங்கதான் வரேன்."