வெறும் கூடு

பழைய கேமரா சேகரிப்போர் சங்கத்தின் வெள்ளி விழாவுக்காக, மறைந்த தலைவரின் ஃபிலிம் கேமராவைப் போலவே நாற்பது நினைவுக் கேமராக்கள் செய்யக் கொடுத்தார்கள். உள்ளே ஷட்டர்கூடக் கிடையாது, வெறும் கூடு. அளவெடுக்க அசலை இரவல் வாங்கிய செயலாளர், தலைவரின் மனைவியிடம் ஒரு கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அசலைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு.

மூன்றாம் வாரம் அந்த அம்மாள் வரச்சொல்லி போன் செய்தார்.

"உள்ள டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு தம்பி. திறந்தா ஒரு ரோல் இருந்துச்சு. கழுவக் குடுத்தேன்" என்று மேசைமேல் படங்களைப் பரப்பினார்.

எல்லாவற்றிலும் செயலாளர்தான். சாப்பிடுகிறார், முகம் மழிக்கிறார், தன் கட்டிலில் வாய் பிளந்து தூங்குகிறார். கடைசி, முப்பத்தாறாவது படத்தில் மட்டும் அவர் இல்லை; அதே கட்டில். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி, அழுது வீங்கிய முகத்தோடு.

செயலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அசலை இப்பவே கொண்டாந்துடுறேன் அண்ணி."

அந்த அம்மாள் படங்களை நிதானமாக அடுக்கி உறையில் போட்டார்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. இதுவே நல்லாத்தான் எடுக்குது."