குடிக்காமலே நன்றி

“கத்தியைக் கீழ வைடீ! இது என் கடை!”

“உன் கடையா? மூணு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்த மோவாயை எல்லாம் கேட்டுப் பாரு, யார் கடைன்னு அதுங்களே சொல்லும்!”

காலையில் கடை திறந்து ஆட்கள் வர ஆரம்பித்ததும் சண்டையும் ஆரம்பித்துவிடும். ‘சீப்பா’ என்னும் மரவள்ளி ரொட்டியைக் கூடையில் வைத்து விற்கக் கிளம்பும் பெர்பெத்துவா, சத்தம் கேட்டதும் கூடையை இறக்கிவிட்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். ரொட்டி எங்கே ஓடிவிடப் போகிறது?

கடைக்காரன் செலஸ்தீனோ, சாக்கோ போர் முடிந்து, பராகுவேயிலுள்ள இந்த ஊருக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. அவன் பொலிவியாக்காரனோடு சண்டைக்குப் போனதும், அவன் மனைவி எர்மெலிந்தா சவரக்கத்தியைக் கையில் எடுத்தாள். முதலில் ஊர் சிரித்தது. பிறகு ஊருக்குத் தாடி வளர்ந்தது. பாதிரியாரே வந்து கழுத்தை நீட்டிய பிறகு, மிச்சமிருந்த கிழவர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள்.

அப்போது எல்லாமே பெண்கள்தான். மாடு அறுத்தவளும், வண்டி ஓட்டியவளும், தந்தி அடித்தவளும். ஆண்கள் வந்ததும் ஒவ்வொருத்தியாக அடுப்படிக்குத் திரும்பினாள். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் மூக்கைச் சிந்திக்கொண்டு. எர்மெலிந்தா மட்டும் நாற்காலியை விடவில்லை.

செலஸ்தீனோவும் லேசுப்பட்டவன் இல்லை. அந்த வெயிலிலும் போன்சோ என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு, கைகளை அதற்குள் கட்டிக்கொண்டு, பண்ணையார் மாதிரி நின்றுதான் கத்துவான்.

பெர்பெத்துவாவுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. அவள் மகன் அன்செல்மோவுக்கு எர்மெலிந்தாவின் மகள் தெல்ஃபீனாவைப் பேசி வைத்திருந்தது.

“புருஷன் வேலையையே புடுங்கிக்கிட்ட வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கறது? நாளைக்கு இவ பொண்ணு என் பையனை வாசல் கூட்ட வெச்சா?” என்று தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவளே சமாதானம் பேச இறங்கினாள்.

“காலங்காத்தால எதுக்குய்யா தொண்டைத் தண்ணி வத்துது? ஆளுக்கு ஒரு வாய் தெரெரே குடிங்க.”

எர்மெலிந்தா கொம்புக் குவளையில் இலையைப் போட்டு, குளிர்ந்த நீரை ஊற்றி, கணவனிடம் நீட்டினாள். தெரெரேவுக்குக் குவளை ஒன்றுதான்; அது கை மாறிச் சுற்றிச் சுற்றி வரும். போதும் என்கிறவர் “நன்றி” சொல்லிவிட்டால் பிறகு அவரிடம் வராது. செலஸ்தீனோ முதல் வாய்க்கு முன்பே, போன்சோவை விட்டுக் கையைக்கூட வெளியே எடுக்காமல், “நன்றி” என்றான்.

தெரு வாயைப் பிளந்தது. குவளையை அவள் மூஞ்சியில் வீசியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

“பொண்டாட்டி கையால பச்சத் தண்ணிகூட வேணாங்கிறான்! போதும்ப்பா. கல்யாணப் பேச்சுக்கும் சேர்த்து நன்றி!” என்று அங்கேயே அறிவித்துவிட்டாள் பெர்பெத்துவா. உள்ளே தெல்ஃபீனா அழுதது வெளியே கேட்டது.

மறுநாள், போரில் செலஸ்தீனோவின் பட்டாளத்தை நடத்திய கேப்டன் வந்தார். கூடவே போரிலிருந்து திரும்பிய நாலைந்து பேர்.

“டேய் செலஸ்தீனோ! பக்கத்து ஊர்ல ஒருத்தன் திரும்பி வந்து தூக்கத்துல அலறுறானாம், கோழைப் பய. ஊரே சிரிக்குது. நீ அப்படியா? பொண்டாட்டிக்கு எதுக்குடா பயப்படறே? வா, எல்லார் முன்னாடியும் எனக்குச் சவரம் பண்ணு. கடை உன்னோடதுதான்.”

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். செலஸ்தீனோவின் நெற்றி வியர்த்தது. எர்மெலிந்தா கத்தியோடு குறுக்கே பாய்ந்தாள்.

“எழுந்திரு கேப்டன்! இவன் இந்த நாற்காலியைத் தொட்டான்னா, உனக்குப் பாதி மீசைதான் மிஞ்சும்! நீ போய்ச் சட்டி கழுவுடா!”

கணவனை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கேப்டன் மீசையைப் பொத்திக்கொண்டு எழுந்தார். ‘ராட்சசி’ என்ற பட்டம் அன்றைக்குத்தான் வந்தது.

அன்று மத்தியானம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். உள்ளே அடிதடி நடக்கும் என்ற ஆசையில், பெர்பெத்துவா அவர்கள் கொல்லை வேலியோரம் போனாள். வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

மறுநாள், “கல்யாணத்தை வெச்சுக்கலாம்” என்றாள்.

கல்யாணத்தில் கேப்டன் விடவில்லை. தானே குவளையை நிரப்பி, “இதையாவது கையில வாங்குடா பார்ப்போம்” என்று செலஸ்தீனோவிடம் நீட்டினார். பெர்பெத்துவா பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

“என்ன கேப்டன், முறை தெரியாதா? முதல் குவளை மாப்பிள்ளையோட அம்மாவுக்கு!”

அப்படி ஒரு முறை அந்த ஊரில் கிடையாது. கடைசிச் சொட்டு வரை அவளே உறிஞ்சினாள். எல்லாரும் சிரித்தார்கள், கேப்டன் உட்பட.

அன்செல்மோவும் தெல்ஃபீனாவும் வில்யாரிக்கா நகருக்குக் குடிபோனார்கள். கேப்டன் ஒரு பணக்கார விதவையைக் கட்டிக்கொண்டு தலைநகருக்குப் போய்விட்டார். சவரக்கடைச் சண்டை மட்டும் ஓயவில்லை. “அந்த ராட்சசி இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா?” என்று வீடு வீடாகப் பரப்பியதும் பெர்பெத்துவாதான்.

அன்று மத்தியானம் வேலி இடுக்கில் பார்த்ததை மட்டும் அவள் பரப்பவில்லை: எர்மெலிந்தா குவளையைப் பிடித்துக் கணவனுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள், போன்சோவுக்கு வெளியே வந்திருந்த அவனுடைய இரண்டு கைகளும் மடியில் நிற்காமல் உதறிக்கொண்டிருந்தன. “நாளைக்கு இன்னும் சத்தமாத் திட்டு எர்மெலிந்தா” என்று கெஞ்சினான் செலஸ்தீனோ, “கேப்டனுக்குச் சந்தேகம் வந்துடுச்சு.”