சருகுத் திருடி

"கையும் களவுமாப் பிடிச்சு வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க!"

பேராசிரியர் போனை வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு இப்படியொரு நல்ல நாள் அவருக்கு வாய்த்ததில்லை.

பின்வேலிக்கு அப்பால் அரசாங்கக் காடு. அங்கே எதிர்வீட்டுத் தையல்காரி காய்ந்த புதரை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சருகு மூட்டைகள்.

"ஏம்மா, இதென்ன உங்கப்பா வீட்டுத் தோட்டமா?"

"இல்ல சார். உங்க மாமனார் வீட்டுதும் இல்லையே!"

"அடுப்புக்கா, விக்கிறதுக்கா?"

அவள் அடுத்த கிளையை இழுத்தாள்.

"விட்டுடுங்களேன்," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"நீ சும்மா இரு. காட்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

அவருக்குத் தெரியும். தீ பரவாமல் இருக்கப் புதர் வெட்டுகிறோம் என்று வனத்துறை ஆட்கள் வந்தபோது, 'இயற்கைக்கு முடிவெட்ட நீங்கள் யார்?' என்று மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவர். மேற்கோள்களை வேறு அள்ளி வீசினார். மரங்களைத் தொடவே மாட்டோம் என்று அவர்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ஜீப்பில் வந்திறங்கிய வனக்காவலர் தையல்காரியைப் பார்த்து, "இன்னும் முடியலையாக்கா?" என்றார்.

பேராசிரியர் கொதித்தார். "திருடிகிட்ட உறவு கொண்டாடுறீங்களா?"

"யார் சார் திருடி? ஒரு குச்சிகூட இவங்க வீட்டுக்குப் போகல. எல்லாம் எங்க லாரியிலதான் ஏறுது. தெரு பூரா முடிச்சிட்டோம். உங்க வீட்டுப் பின்பக்கம் மட்டும்தான் பாக்கி. உங்க வாய்க்குப் பயந்து எங்க ஆளுங்க வரமாட்டேன்னுட்டாங்க. அக்காதான் 'நான் செய்யறேன்'னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. போன கோடையில மலைச்சரிவு எரிஞ்சதப் பார்த்தீங்கல்ல?"

பேராசிரியரின் சுருதி இறங்கியது. வாய் மட்டும் இறங்கவில்லை.

"இந்தம்மாவுக்கு ஏன் இந்த அக்கறை? தீ வந்தா என் வீட்டுக்குத்தானே வரும்? வரட்டுமே! நான் ஓடிப் பிழைச்சுக்க மாட்டேனா?"

தையல்காரி நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

அவரும் திரும்பினார்.

கொல்லைக் கதவருகே மனைவியின் சக்கர நாற்காலி நின்றிருந்தது. தான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"நான்தாங்க அவகிட்ட வெட்டச் சொல்லிக் கேட்டேன்," என்றாள் மனைவி. "நீங்க ஓடிடுவீங்க."