செல்லாத்தாள் போட்ட கொட்டை

"எம் மாட்டக் கொன்னவ நீதான். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து இல்லைன்னு சொல்லு பாப்பம்." பொன்னாத்தாள் போட்ட சத்தம் கொழிஞ்சாம்பாறைச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

"வாயில்லா சீவன் திங்கட்டுமேன்னு ஒரு முறம் தம்பட்டவரைக் கொட்டையத் தொட்டியில போட்டனக்கா. வெசமா வெச்சேன்?" அடுத்த வீட்டுச் செல்லாத்தாள் கத்தத்தான் ஆரம்பித்தாள். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

செத்தது பொன்னாத்தாள் மகள் மருதாத்தாளுக்குச் சீராகப் போகவேண்டிய கறவை மாடு. மாடு வராவிட்டால் பெண்ணும் வரவேண்டாம் என்று வேலந்தாவளத்து மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

மிருக டாக்டர் மாட்டின் வாயை முகர்ந்து பார்த்தார். "யூரியாத் தண்ணி தெளிச்ச வைக்கோலா? அது வயித்துல போய் அம்மோனியா ஆகும். மெள்ள ஆனா மாட்டுக்கு நல்லது. பச்சைத் தம்பட்டங்கொட்டையில ஒரு வினையூக்கி உண்டு. அது சேர்ந்தா எல்லாம் பெட்டென்னு ஆகும், மாடு தாங்காது."

"அந்த ஊக்கிக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?" கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. தூண்டி விட்டுட்டு இருந்தபடியே இருக்கும்."

கொட்டை போட்டதைப் பார்த்ததாக முதலில் ஓடிவந்து சொன்ன சரஸ்வதியம்மாளை ஊர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது.

"யூரியா அளந்தது ஆரு?" என்று கேட்டார் டாக்டர்.

"எம் புள்ளதானுங்க. தெனமும் அவதான்" என்றாள் பொன்னாத்தாள்.

"எதுக்கும் வயித்தக் கீறிப் பாத்துடலாம்."

மருதாத்தாள் மாட்டின்மேல் விழுந்து மறித்தாள். "செத்தும் அதைய நோகடிக்கோணுங்களா?" ஊரே உருகிப்போயிற்று. டாக்டரும் கத்தியைப் பைக்குள் போட்டார்.

சம்பந்தம் முறிந்தது. செல்லாத்தாளுக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. வேலிப் பக்கம் பார்த்தால் வெறும் கட்டுத்தறி; அதற்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அந்தப் பெண்.

நாலாவது வாரம் வெற்றிலைத் தட்டோடு போய் நின்றாள். "உம் புள்ளய எம் பையனுக்குக் குடுக்கா. நான் பண்ணுன பாவம் என்னோட போவட்டும்."

மகன் செங்கோட்டையனுக்கு உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்ட வேலை. பத்து நாள் லீவில் வந்தவன் மாதம் தாண்டியும் மலையேறாமல் கிடந்தான். எட்டு இடத்தைத் தட்டிக்கழித்தவன் இதற்கு மட்டும் "உங்க இஷ்டமுங்கம்மா" என்றான். செல்லாத்தாளுக்குப் பெற்ற வயிறு குளிர்ந்தது.

கல்யாணம் முடிந்து ஜோடி மலைக்குக் கிளம்பியது. பஸ் ஏறுமுன் மருதாத்தாள் மாமியார் காலில் விழுந்தாள். வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது முகமெல்லாம் கண்ணீர்.

"போதும் கண்ணு. மாட்டுப் பாவத்த நான் சொமந்துக்கறேன். நீ நல்லா இரு."

மருதாத்தாள் அவள் காதோரம் குனிந்தாள்.

"நீங்க போட்ட கொட்டைய அப்பவே பொறுக்கி வேகவெச்சுத் தின்னுட்டனுங்க அத்தை. யூரியா அளக்கறப்ப உங்க மகன் வேலியோரம் நின்னு பேசிட்டிருந்தாருங்க, எத்தனை படி போட்டேன்னு எனக்கே தெரியலீங்க."