அழுகிற கரடி

"கொழந்தையை எதுக்கும்மா கம்பெனிக்குள்ள கூட்டிட்டு வந்தீங்க? நாளைக்கு ஃபாரின் பையர் வர்றாங்க. யாராச்சும் பார்த்துச் சொன்னா ஆர்டரே போயிரும்!"

பனியன் கம்பெனி மேனேஜர் அருள்செல்வன் எகிறினார். அவர் தலைக்கு மேலே பலகை தொங்கியது: 'இங்கே குழந்தைத் தொழிலாளர் எவரும் இல்லை.'

ஜெயசுதா அசையவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவள். பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மதுமதி. அவள் கையில் கண்ணாடி கீறிய பழைய செல்போன்.

"நீங்க உட்ட கேம்தானுங்க சார் இது. பைக்குள்ள ஒளிச்சுப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டு போயிருக்குது. வகுப்புல தூங்கி உழுகுது, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு டீச்சர் போன் போடறாங்க. கண்ணைப் பாருங்க, எப்படிச் செவந்திருக்குதுன்னு!"

"ஓ, நம்ம கரடி கேமா?" அருள்செல்வன் சிரித்தார்.

கம்பெனியின் சிறுவர் பனியனுக்கு விளம்பரம் அது. கரடி ஒரு பனியனைக் கொண்டு வந்து காட்டும். ஓட்டையோ கறையோ இருந்தால் குழந்தை தொட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் நட்சத்திரம். நிறுத்தினால் கரடி தேம்பித் தேம்பி அழும்.

"சோறு உங்கறப்பக்கூட, 'கரடி அழுகுதும்மா'ன்னு எந்திரிச்சு ஓடறா. பச்சை மண்ணை அழ வெச்சு ஏவாரம் பண்றீங்களே, அடுக்குமா சார்?"

"வயசு கேட்டுத்தாம்மா உள்ள உடறோம். பதினெட்டுன்னு உங்க புள்ளை அமுக்குனா நாங்க என்ன பண்றது? எல்லாம் சட்டப்படிதான் இருக்குது. பெத்த புள்ளையைக் கண்டிக்கத் துப்பில்லை, கம்பெனி மேல பாயறீங்க!"

"துப்பா? ஓவர்டைம் பார்த்துட்டு நான் ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள உங்க கரடிதானுங்களே அவளை வளர்த்துட்டு இருக்குது!"

"காலம் மாறிப்போச்சும்மா. அங்க பாருங்க, செக்கிங்கையே கம்ப்யூட்டர் பண்ணுது. நீங்க ஒரு கேமுக்குப் போய்க் குதிக்கறீங்க."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கேமரா டேபிள். போன மாதம் அது வந்ததும், தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பனியனை விரித்து வைக்க சாரதாமணி ஒருத்திதான் மிச்சம். டேமேஜ் பீஸ் என்றால் சிவப்பு விளக்கு எரியும். காலையில் வெட்டுப்பட்ட சாரதாமணியின் கட்டைவிரலுக்கு, வேஸ்ட் துணியில் பச்சையாக ஒன்றைக் கிழித்து ஜெயசுதாதான் கட்டுப் போட்டிருந்தாள்.

போன் தேம்பியது.

"இரும்மா, அழுகுது பாரு." மதுமதி தரையில் உட்கார்ந்து திரையைத் தொட்டாள்.

பிடுங்கக் குனிந்த ஜெயசுதாவின் கை பாதியில் நின்றது.

திரையில் ஒரு வெள்ளைப் பனியன். அதன் ஓரத்தை அழுத்தியிருந்த கட்டைவிரலில் பச்சைத் துணிக் கட்டு.

மதுமதி ஓட்டையைத் தொட்டாள். கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த பனியனில் கறையைத் தொட்டாள். மறுபடியும் எரிந்தது.

ஜெயசுதா நிமிர்ந்து அந்தப் பலகையைப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், என்ர புள்ளை இன்னைக்குத்தானுங்களா உங்க கம்பெனிக்குள்ள வந்தா?"