பார்க்கவும்

"தொடாமல் பார்க்கவும்னு எழுதச் சொன்னா, தொட்டுப் பார்க்கவும்னு எழுதி வச்சிருக்கீங்களே பெயின்டர்! கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் எழுதினீங்களா?"

கலைக்கூடத்தின் இயக்குநர் போட்ட சத்தத்தில் காவலாளி, எலெக்ட்ரீஷியன், டிக்கெட் கொடுக்கும் பெண் எல்லாரும் ஓடிவந்து நின்றார்கள். பெரிய கூடத்தின் நுழைவாயில் சுவரில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரத்தில், நீல பெயின்டில் 'சிற்பங்களைத் தொட்டுப் பார்க்கவும்' என்று ஜம்மென்று எழுதியிருந்தது.

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "எழுதினது நான்தான் மேடம்."

"அதுதான் ஊருக்கே தெரியுதே! உள்ளே என்ன நடக்குதுன்னு போய்ப் பாருங்க."

உள்ளே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர். மர ஆமையின் ஓட்டைத் தடவ ஒரு வரிசை நின்றது. தூங்கும் நாயின் காதுக்குள் ஒருவன் விரலை விட்டுக்கொண்டிருந்தான். மர எருமையைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

"நீங்க ஏன் தடுக்கலை?" என்று காவலாளியின் பக்கம் திரும்பினார்.

"சுவத்துலயே தொடச் சொல்லுது. நான் வேண்டாம்னா, 'உங்களுக்குப் படிக்கத் தெரியாதா அங்கிள்'னு கேக்குதுங்க மேடம்."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை சிற்பங்களும் இரவல். ஆறு மாதம் நடையாய் நடந்து கெஞ்சி வாங்கியவை. செதுக்கிய பெண்மணியோ பொல்லாத முன்கோபி. போன வருஷம் வேறொரு கண்காட்சியில் ஏதோ பிடிக்கவில்லை என்று, திறந்த அன்றே லாரி வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கேயும் அப்படி நடந்தால் கூடம் காலி. காலியான கூடத்தைப் பழைய நாற்காலி போடும் கிடங்காக்க நிர்வாகக் குழு எப்போது என்று காத்திருக்கிறது. அந்தச் சிற்பி பதினொரு மணிக்கு வருகிறார். இப்போது மணி பத்தே முக்கால்.

"வெள்ளையடிச்சு மாத்தி எழுதிடட்டுமா மேடம்? காய ஒரு மணி நேரம்தான் ஆகும்."

"ஒரு மணி நேரமா? அதுக்குள்ள என் கதையே முடிஞ்சுடும்!"

வாசலில் கார் வந்து நின்றது. கால்மணி முன்னதாகவே வந்துவிட்டார் சிற்பி. சுவரை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். நேராக உள்ளே போனார். இயக்குநர் பின்னாலேயே ஓடினார்.

எருமையருகே, முன்பல் விழுந்த ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "மிஸ், இங்க வாங்களேன்! கண்ணுக்குத் தெரியலை, கை வச்சா எலும்பு தெரியுது. பாவம், இது சரியாவே சாப்பிடலை."

"போடி, இந்தப் பக்கம் வந்து தொட்டுப் பாரு. வயிறு எப்படி உப்பியிருக்குன்னு. இதுவா சாப்பிடலை?" என்றான் எதிர்ப்பக்கம் நின்றவன்.

சிறுமி அந்தப் பக்கம் போனாள். வயிற்றில் கையை வைத்தாள். மெல்லச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"டேய், உள்ளே கன்னுக்குட்டி இருக்குடா! தம்பி வயித்துல இருந்தப்போ எங்கம்மாவும் சாப்பிடவே மாட்டாங்க."

சிற்பி அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆமாண்டா கண்ணு, அது சினை எருமைதான்." எருமையின் முதுகில் கை வைத்தார். "எட்டு வருஷமா ஊர் ஊராப் போயிருக்கு. ஒருத்தருக்கும் தெரியலை. எல்லா இடத்துலயும் கயிறு கட்டி எட்ட நிக்க வச்சா எப்படித் தெரியும்? அந்தக் கோபத்துலதான் போன தடவை லாரியைக் கூப்பிட்டேன்."

எழுந்து வந்து இயக்குநரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

'ஏதோ தோணிச்சும்மா' என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஒரு விநாடி நாக்கின் நுனி வரைக்கும் வந்தும் விட்டது. ஆனால் மனசு இடம் கொடுக்கவில்லை.

"யோசனையெல்லாம் இல்லம்மா. எங்க பெயின்டர் தப்பா எழுதிட்டார்."

சிற்பி வாய்விட்டுச் சிரித்தார். பெயின்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "இதைத் திருத்தினீங்கன்னா எருமையை ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். திருத்தலைன்னா, எல்லாமே இங்கேயே இருக்கட்டும். இந்தப் பிள்ளைங்களுக்கு நான் கொடுத்ததா வச்சுக்குங்க."

எல்லாரும் கலைந்த பிறகு, குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த பெயின்டரிடம் இயக்குநர் வந்தார்.

"மன்னிச்சுடுங்க பெயின்டர். அத்தனை பேர் முன்னாடி கத்திட்டேன். உங்க தப்புதான் இந்தக் கூடத்தையே காப்பாத்திச்சு. உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்னு நான் விட்டிருக்கணும்."

"நானும் அப்படி நினைச்சுத்தான் மேடம் விட்டுட்டேன்" என்ற பெயின்டர், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எல்லாரும் நிக்கறப்போ காட்ட மனசு வரலை. நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க."

நேற்று மாலை அவசர அவசரமாக வேலைக்காரர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இயக்குநர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாள் அது:

'எலெக்ட்ரீஷியன்: விளக்குகளைப் போட்டுப் பார்க்கவும்.
தச்சர்: கதவைத் தள்ளிப் பார்க்கவும்.
பெயின்டர், சுவரில்: சிற்பங்களைத் தொட்டுப் பார்க்கவும்.'