சிவப்பு ஸ்விட்ச்

அபுதாபி முசஃபாவில் இருந்த ஹபீப் முகம்மதுவின் ரிப்பேர் கடைக்குள், அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார் செல்வநாயகம்.

“சவுதியில யான்புல ஸ்டோர் கீப்பரா இருந்தேன் பாய். இப்ப ரிட்டையராயிட்டேன். இது அங்க முப்பத்தஞ்சு வருசமா நல்லா ஓடிச்சு. இங்க மவன் வீட்டுல சொருவினேன். டப்புன்னு ஒரு சத்தம், ஒரே புகை. ஊருக்குப் போறதுக்குள்ள சரி பண்ணித் தரணும்.”

ஹபீப் பெட்டியைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தார். அங்கிருந்த சிவப்பு ஸ்விட்ச் 115-இல் நின்றது. விஷயம் விளங்கிவிட்டது. யான்புவில் அந்தக் காலத்து வீடுகளில் குறைந்த வோல்ட் கரண்ட். அபுதாபியில் அதைப் போல இரண்டு மடங்கு. ஸ்விட்சை 230-க்குத் தள்ளாமல் சொருகியிருக்கிறார் மனுஷர். பவர் சப்ளை மட்டும்தான் கருகியிருக்கும். புதிதாக ஒன்றைப் போட்டால் அரை மணி நேரத்தில் உயிர் வந்துவிடும்.

துபாயில் ஒரு பழம்பொருள் பித்தர் இதே மாடலுக்கு எட்டாயிரம் திர்ஹம் தருவதாகச் சொல்லிவைத்திருந்தது ஹபீபுக்கு ஞாபகம் வந்தது. மூன்று லீவாக மனைவி பத்ருன்னிசாவுக்கு வாக்குக் கொடுத்து, வாங்காமலே போன தங்கக் காப்பும் கூடவே ஞாபகம் வந்தது.

பெட்டியை மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“மதர்போர்டே போச்சு அண்ணாச்சி. கலாஸ்.”

செல்வநாயகத்தின் கண் கலங்கியது. “போய்ச் சேந்த என் வீட்டுக்காரி சுகிர்தராணி டைப் படிச்ச பெட்டி பாய். எதுக்கும் ஒரு பவர் சப்ளைய மாத்திப் போட்டுப் பாப்பமா?”

ஹபீப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாற்றிப் போட்டால் ஓடித் தொலைக்குமே, குட்டு வெளிப்பட்டுவிடுமே!

“வேணாம் அண்ணாச்சி, தீப்புடிச்சிரும்!”

“மூடியையாவது தொறந்து பாருங்களேன்.”

“இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. தொறக்கவே வேணாம், வாடையே சொல்லுது. ஸ்பேருக்கு வேணா நான் எடுத்துக்கிறேன். இருநூறு திர்ஹம்.”

“அவ ஞாபகத்துக்கு இருநூறா?” என்று கர்ச்சீப்பை எடுத்தார் பெரியவர்.

அவர் மூக்கைச் சிந்தச் சிந்த விலை ஏறியது. ஆயிரத்தைந்நூறில் அழுகை நின்றது. பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நல்லாருப்பீங்க பாய்” என்று வாழ்த்திவிட்டுப் போனார். ஹபீபுக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது. காப்பை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

துபாய்க்காரருக்கு ஃபோன் போட்டார். சாயங்காலமே பணத்தோடு வருகிறாராம்.

புது பவர் சப்ளையும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். ஒரு மூலையில் கருகிப்போன பவர் சப்ளை இருந்தது. மதர்போர்டு இருக்க வேண்டிய இடத்தில், அளவாக வெட்டிய தரை டைல்ஸ் ஒன்று இருந்தது.

பெரியவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ரிப்பேர் கடைக்கு ஓடினார். அங்கே கடைக்காரர் சதக்கத்துல்லா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் மூடி கழற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் சிவப்பு ஸ்விட்சும் 115-இல்தான் நின்றது.

ஹபீபின் கையிலிருந்த பெட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சதக்கத்துல்லா மெல்லக் கேட்டார்.

“உங்கிட்ட எத்தன தடவ மூக்கச் சிந்தினாரு?”